ஆட்டுக்குப் பின்னால் வெறும் கட்டம்

காடாம்புலியூருக்குப் போய் வந்தேன் என்றால், "பலாப்பழம் எங்கே? முந்திரிப் பருப்பு என்ன விலை?" என்றுதான் கேட்பீர்கள். நியாயந்தான். பண்ருட்டியிலிருந்து வடலூர் போகிற சாலையில் உள்ள ஊர். பலாவுக்கும் முந்திரிக்கும் பேர் போன சீமை. ஆனால் அங்கே அத்தை வீட்டில் நாலு நாள் தங்கி நான் செய்த காரியத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். வீடியோ விளையாட்டு ஆடினேன். அதுவும் இராத் தூக்கம் கெட்டு!

அத்தையின் பேரன் லீவுக்கு வந்திருந்தான். அவன் கையில் நின்டெண்டோ ஸ்விட்ச் என்ற பெட்டி. அதில் 2019-இல் வெளிவந்த 'ஃபயர் எம்பிளம்: திரீ ஹவுஸஸ்' என்று ஒரு விளையாட்டு. "சித்தி, கொஞ்சம் ஆடிப் பாருங்களேன்" என்று நீட்டினான். ஒரு கட்டுரைக்காவது ஆகுமே என்று வாங்கினேன். அவ்வளவுதான், திருப்பிக் கொடுக்க மனசே வரவில்லை.

விஷயம் இதுதான். ஃபோட்லான் என்று ஒரு கற்பனைக் கண்டம். அங்கே ஒரு பெரிய மடாலயம். பிரபு வீட்டுப் பிள்ளைகளும் சாமானியப் பிள்ளைகளும் போர்க்கலை படிக்கும் பள்ளி அதற்குள் இருக்கிறது. நீங்கள்தான் வாத்தியார்! மூன்று வகுப்புகளில் ஒன்றை ஏற்றுக்கொண்டு வாளும் வில்லும் மந்திரமும் கற்றுத் தர வேண்டும். ஓய்வு நாளில் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடலாம். தேநீர் கொடுத்து உபசரிக்கலாம். தோட்டத்தில் விதை போடலாம். மாதக் கடைசியில் அதே பிள்ளைகளைப் போர்க்களத்துக்கு அழைத்துப் போக வேண்டும். களம் முழுவதும் சதுரங்கப் பலகை மாதிரி கட்டங்கள். நம் முறை ஒன்று, எதிரி முறை ஒன்று.

சதுரங்கத்தில் வெட்டுப்பட்ட சிப்பாய் அடுத்த ஆட்டத்தில் கூசாமல் வந்து நிற்பான். இங்கே அது நடக்காது. 1990-இல் ஜப்பானில் இந்த வரிசையின் முதல் விளையாட்டு வந்த நாளிலிருந்தே, களத்தில் விழுந்தவன் விழுந்தவன்தான். மனம் இளகியவர்களுக்காக, போர் முடிந்ததும் எல்லோரும் எழுந்து வந்துவிடும் சுலப முறை ஒன்றை 2010-இல் சேர்த்தார்கள். பேரன் அதில்தான் ஆடுகிறான். நான் விடுவேனா? "பழைய முறையே இருக்கட்டும்" என்று ஜம்பமாக ஆரம்பித்தேன்.

என் வகுப்பில் ஆஷ் என்று ஒரு பையன். சாப்பாட்டுக் கடை வைத்திருந்த தாய் தகப்பன் இறந்துபோய், தம்பி தங்கைகளின் வயிற்றுக்காகத் திருடி, பிறகு ஒரு பிரபுவின் வளர்ப்புப் பிள்ளையானவன். அந்தப் பிரபுவே கலகம் செய்ய, அவரை எதிர்த்தே இவன் போருக்கு வர நேரிடுகிறது. முந்திரி உடைத்துக் கறுத்த விரல்களால் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே இந்தக் கதையைக் கேட்டாள் அத்தை. அன்று முதல் அவளுக்கு அவன் 'ஆஷா'. "ஏண்டி, அந்த ஆஷாப் பையன் சாப்பிட்டானா?" என்று விசாரிப்பாள். சாப்பாட்டுக் கூடத்துக்கு அழைத்துப் போய்ச் சாப்பிட வைத்துக் காட்டினால்தான் திருப்தி.

மூன்றாம் நாள் இரவு விபரீதம் நடந்தது. கேடயக்கார மாணவன் ஒருவனை முன்னே நிறுத்தி, அவன் முதுகுக்குப் பின்னே ஆஷை வில்லோடு நிறுத்தியிருந்தேன். தூரத்தில் ஒரு புதையல் பெட்டி தெரிந்தது. பாழும் பேராசை! கேடயக்காரனை அங்கே அனுப்பினேன். எதிரி முறை வந்தது. திறந்த வழியில் குதிரைக்காரன் ஒருவன் புகுந்தான். ஆஷ் ஏதோ இரண்டு வார்த்தை சொன்னான். விழுந்தான்.

காலத்தைப் பின்னோக்கித் திருப்ப இந்த விளையாட்டில் ஒரு வரம் உண்டு. வாத்தியாருக்குள் குடியிருக்கும் ஒரு தேவதைப் பெண்ணின் தயவு அது. ஆனால் ஒரு போருக்கு இத்தனை தடவை என்று கணக்கு. என் கணக்கில் இருந்த மூன்றையும், குறி தப்பிய அம்புக்கும் தவறி வைத்த அடிக்குமாக ஏற்கெனவே செலவழித்திருந்தேன்.

"பழைய இடத்திலிருந்து மறுபடி ஆடலாம், சித்தி. ஆனால் நீங்கள் சேமித்து மூணு மணி நேரம் ஆச்சு. அவ்வளவும் போயிடும்" என்றான் பேரன்.

"போகட்டும், விடு. விதி என்றால் விதிதான்" என்றேன். உள்ளுக்குள் என்னவோ செய்தது. ஆனாலும் ஜம்பம் விடவில்லை.

அத்தை வெற்றிலைப் பெட்டியை மூடினாள். "திருப்ப முடியும்கிறானே, திருப்பேண்டி!"

"விளையாட்டுத்தானே, அத்தை?"

"காத்து அடிச்சதுக்கு முந்தின ராத்திரிக்கு என்னைத் திருப்பிவிட ஆள் இருந்தா, நான் போகமாட்டேனா?"

அவள் சொன்னது தானே புயல். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை ஏறி, இந்தச் சீமையின் முந்திரியையும் பலாவையும் ஏக்கர் ஏக்கராகச் சாய்த்ததே, அது. மாமா கையால் வைத்த பலா மரங்கள் பதினொன்று. காற்று ஓய்ந்து கதவைத் திறந்தபோது வாசலிலிருந்து வானம் தெரிந்ததாம். கல்யாணமாகி வந்த நாளாய் அந்த வாசலில் நின்று அவள் அவ்வளவு வானத்தைப் பார்த்ததில்லை.

"போய் என்ன செய்வாய், அத்தை?"

"என்ன செய்ய? மரத்தை வீட்டுக்குள்ளேயா தூக்கி வைக்க முடியும்? கொஞ்ச நேரம் அடியிலே உட்கார்ந்திருப்பேன்."

பேசாமல் பழைய இடத்துக்குத் திருப்பினேன். மணி பதினொன்று.

அத்தை எழுந்து போய்ப் புளியங்கொட்டை பதினைந்தும் முந்திரிக்கொட்டை மூன்றும் கொண்டுவந்தாள். தரையில் சாக்கட்டியால் கோடு கிழித்தாள். ஆடு புலி ஆட்டம்! புளியங்கொட்டை ஆடு, முந்திரிக்கொட்டை புலி. "ஆட்டுக்குப் பின்னாலே வெறும் கட்டம் இருந்தாத்தான் புலி தாண்டி வெட்டும். பின்னாலே இன்னொரு ஆட்டை வை, புலி என்ன பண்ணும், பார்க்கலாம்" என்றாள். ஸ்விட்ச் பெட்டியில் புலி தாண்டுவதில்லை. ஆனால் குதிரைக்காரனுக்கு இடைவெளி வேண்டுமே! அத்தை சொற்படி பிள்ளைகளைத் தோளோடு தோள் நிறுத்தினேன். புதையல் பெட்டியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. இரண்டரை மணிக்கு எல்லோரும் முழுசாக மடாலயம் திரும்பினோம். பேரன் எப்போதோ தூங்கிவிட்டான்.

மறுநாள் காலை அத்தைக்குப் புதுத் தெம்பு. மற்ற இரண்டு வகுப்புப் பிள்ளைகளையும் சாப்பிடக் கூப்பிடச் சொன்னாள். "பாவம், எல்லாம் தாய் வீட்டை விட்டு வந்ததுங்கதானே?" ஒவ்வொருவரையும் அழைத்து உட்கார வைத்தேன்.

கதையில் பின்னால் பெரும் போர் மூளும் என்றும், நம் வகுப்பில் சேர்த்துக்கொள்ளாத பிள்ளைகளில் பலர் அப்போது எதிரிப் படையில் வந்து நிற்பார்கள் என்றும் பேரன் என்னிடம் இரகசியமாகச் சொல்லியிருந்தான். அத்தை காதில் போடக் கூடாதென்று அவனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.