டியர் 'கே'...

ஒரு நாளைக்கு எத்தனை தடவை 'உங்கள் செய்தி கிடைத்தது. பார்த்துவிட்டுச் சொல்கிறோம்' என்று டைப் அடிக்கிறீர்கள்? நான் ஒரு திங்கட்கிழமை எண்ணிப் பார்த்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்குள் 31 தடவை. இத்தனைக்கும் அன்றைக்கு நான் ஆபீசுக்கு ஒரு மணி நேரம் லேட்!

எங்கள் கம்பெனி, சின்னக் கடைகளுக்கு பில் போடும் மென்பொருள் விற்கிறது. கடைக்காரர்கள் எழுதும் புகார்களுக்குப் பதில் சொல்வது என் டீமின் வேலை. புகாருக்கு இங்கே 'டிக்கெட்' என்று பெயர். எந்த மகானுபாவன் வைத்தானோ, ஒரு டிக்கெட்டாவது சினிமா டிக்கெட் மாதிரி சந்தோஷம் கொடுத்ததில்லை.

மேனேஜர் ஒருநாள் கூப்பிட்டார்.

"ஒரே பதிலை எதுக்குய்யா நாப்பது தடவை அடிக்கிறீங்க? டெம்ப்ளேட் போட்டு வெச்சுடுங்க. நீங்கதான் நல்லா எழுதுவீங்களே."

தமிழ்நாட்டு ஆபீஸ்களில் 'நீங்கதான் நல்லா எழுதுவீங்களே' என்றால் சம்பளம் இல்லாமல் ஒரு வேலை வருகிறது என்று அர்த்தம்.

டெம்ப்ளேட் ஒன்றும் பிரம்ம வித்தை இல்லை. ஒரு தடவை ஒழுங்காக எழுதி, பெயர் வைத்துச் சேமிக்க வேண்டும். அடுத்த தடவை இரண்டு கிளிக்கில் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஜென்டெஸ்க்கில் இதை 'மேக்ரோ' என்கிறார்கள். 2010-ல் நம்ம சென்னையில் ஆரம்பித்த ஃப்ரெஷ்டெஸ்க்கில் 'கேன்டு ரெஸ்பான்ஸ்'. அதாவது டப்பாவில் அடைத்த பதில். எனக்குப் பிடித்த பெயர் இதுதான். உள்ளே இருப்பது ஃப்ரெஷ் இல்லை என்பதை ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறது பாருங்கள்!

நான் கை வைப்பதற்கு முன்பே டீமில் டெம்ப்ளேட்டுகள் இருந்தன. 'ஸாரி', 'ஸாரி-2', 'ஸாரி ஃபைனல்', 'ஸாரி ஃபைனல் நியூ', 'ஸாரி - இதை யூஸ் பண்ணாதே'. இதில் கடைசிதான் அதிகம் பயன்பட்டது. முதல் வேலையாக எல்லாவற்றுக்கும் விஷயத்தை வைத்துப் பெயர் மாற்றினேன். 'பிரின்டர் வேலை செய்யவில்லை', 'ஜிஎஸ்டி எண் தப்பு', 'பணம் இரண்டு முறை பிடித்துவிட்டது'. 'ஸாரி' என்பது நம் மனநிலை. அதைச் சொல்லித் தேடினால் அவசரத்துக்கு ஒன்றும் கிடைக்காது.

அடுத்தது காலி இடங்கள். பெயர், டிக்கெட் எண், தேதி இதெல்லாம் ஆளுக்கு ஆள் மாறும் இல்லையா? அந்த இடத்தில் வளைவு அடைப்புக்குறிக்குள் ஒரு குறிச்சொல் போட்டுவிட்டால், கம்ப்யூட்டர் தன்னிடமிருக்கும் பதிவிலிருந்து எடுத்து நிரப்பிவிடும். வெள்ளைக்காரனுக்கு இது சுலபம். முதலில் வருவது அவன் பெயர், கடைசியில் வருவது குடும்பப் பெயர். நமக்கு முதலில் வருவது அப்பாவின் இனிஷியல்! விளைவு, கே. முருகேசன் என்று பதிந்திருப்பவருக்கு 'டியர் கே' என்று போகும். இனிஷியலைப் பின்னால் போட்டிருந்தால் 'டியர் மிஸ்டர் கே' என்று இன்னும் மரியாதையாகப் போகும். ஒரு அண்ணாச்சி பதில் போட்டார்: "தம்பி, கே எங்கப்பா. அவரு கடையை என்கிட்ட குடுத்து இருவது வருஷம் ஆச்சு."

அச்சடித்த வார்த்தைகளை அனுப்புவது ஒன்றும் கம்ப்யூட்டர்காரன் கண்டுபிடித்ததில்லை. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவம் சிப்பாய்களுக்கு ஒரு தபால் கார்டு கொடுத்தது. 'நான் நலம்', 'ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டிருக்கிறேன்' என்றெல்லாம் வரிகள் அச்சிட்டிருக்கும். வேண்டாததை அடித்துவிட்டு, தேதியும் கையெழுத்தும் போடலாம். ஒரு வார்த்தை கூடுதலாக எழுதினாலும் கார்டைக் கிழித்துப் போட்டுவிடுவார்கள். நம் தந்தி ஆபீசிலும் வாழ்த்துக்கு எண்கள் இருந்தன. கல்யாணத்துக்கு ஒன்று, தீபாவளிக்கு ஒன்று. எண்ணை எழுதிக் கொடுத்தால் அங்கே போய் வாக்கியமாக இறங்கும். எண் மாறி விழுந்தால் என்னவாகும் என்பதை வைத்தே பத்திரிகைகளில் எத்தனை ஜோக்குகள்! 2013 ஜூலையில் தந்தியையே மூடிவிட்டார்கள்.

ஆனால் எண் போட்ட வாழ்த்து மூடப்படவில்லை ஸார், செல்போனுக்குக் குடிமாறிவிட்டது. டிராயின் 2018 விதிகளின்படி, ஒரு கம்பெனி உங்களுக்கு எஸ்.எம்.எஸ். அனுப்ப வேண்டுமானால் அந்த வாசகத்தை முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும். மாறக்கூடிய இடம் எது என்பதும் அதிலேயே குறித்திருக்க வேண்டும். 2021 மார்ச் 8-ம் தேதி இதைக் கண்டிப்பாகச் சரிபார்க்க ஆரம்பித்தார்கள். பதிவோடு ஒத்துப்போகாத செய்திகளெல்லாம் வழியிலேயே நின்றன. நாடு முழுக்க ஓ.டி.பி. வராமல் ஜனங்கள் போனை வெறித்துக்கொண்டிருந்தார்கள். மறுநாளே அதை ஒரு வாரம் தள்ளிவைக்க வேண்டியதாயிற்று.

இவ்வளவு நேரம் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டேன். இனிமேல் வருவது வேறு.

2019-ல் என் அப்பா காலமானார். காரியமெல்லாம் முடிந்து, அவருடைய வங்கிக் கணக்கை மூட சான்றிதழ் கொடுத்துவிட்டு வந்தேன். நாலாம் நாள் ஒரு கடிதம் வந்தது. எந்த வங்கி என்பது முக்கியமில்லை. மதிப்புக்குரிய என்று ஆரம்பித்து அப்பாவின் முழுப் பெயர். கீழே, 'தாங்கள் அனுப்பிய இறப்புச் சான்றிதழ் கிடைத்தது. எங்களுடன் தொடர்ந்து இணைந்திருப்பதற்கு நன்றி.'

அம்மா கூடத்திலிருந்து, "என்னடா எழுதியிருக்கு?" என்றாள்.

"பேப்பரெல்லாம் போய்ச் சேர்ந்துடுச்சாம்மா."

மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

இந்தத் தொழிலில் இருப்பதால் அது எப்படி நடந்திருக்கும் என்று உடனே புரிந்தது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. கடிதத்தின் காலி இடம் கணக்கு வைத்திருப்பவரின் பெயரை எடுக்கச் சொல்கிறது. கணக்கு வைத்திருப்பவர் அப்பா. எழுதியவன் நான் என்பதற்கு அந்தக் கடிதத்தில் இடமே ஒதுக்கவில்லை. வந்த விஷயம் சாவா, செக் புக்கா என்று பார்க்க ஒரு ஆளும் இல்லை. புரிந்துவிட்டதால் வலி குறைந்ததா என்று கேட்காதீர்கள்.

எங்கள் ஆபீஸ் டெம்ப்ளேட்டுகளில் 'உரிமையாளர் காலமானார்' என்று ஒன்றைச் சேர்த்தது அதற்கப்புறம்தான். கடைக்காரர் போய்விட்டால் பெரும்பாலும் அவருடைய ஈமெயிலிலிருந்தேதான் வீட்டம்மா எழுதுவார். கம்ப்யூட்டருக்கு ஈமெயில்தான் ஆள். விட்டால் 'டியர்' போட்டு, போனவரையே கூப்பிடும். அதனால் அந்த ஒரு டெம்ப்ளேட்டில் மட்டும் பெயருக்கான குறிச்சொல்லே கிடையாது. என்னென்ன சான்றிதழ் வேண்டும், எங்கே அனுப்ப வேண்டும், எத்தனை நாளாகும் என்பதெல்லாம் டப்பாவிலிருந்தே வரலாம். அது மாறாத விஷயம். தப்பில்லாமல் வருவதுதான் அவர்களுக்கு நல்லது. பெயரையும் முதல் இரண்டு வரியையும் பதில் எழுதுகிறவன் கையால் எழுத வேண்டும். 'மகிழ்ச்சியுடன் உதவக் காத்திருக்கிறோம்' என்ற கடைசி வரி எல்லா டெம்ப்ளேட்டிலும் தானாக ஒட்டிக்கொள்ளும். இதில் அதைப் பிடுங்கிவிட்டேன்.

மேனேஜருக்குச் சம்மதமில்லை. "நல்ல வரியா நாலு நீங்களே எழுதி உள்ளே வெச்சுடுங்களேன். பசங்க எங்க போவாங்க வார்த்தைக்கு?" என்றார். நியாயமான கேள்விதான். பதில் சொல்லும் நேரம் நிமிடத்தைத் தாண்டினால் அவரை மேலே கேட்பார்கள்.

"நாலு வரி வெச்சா அதையேதான் ஸார் எல்லாருக்கும் அனுப்புவாங்க."

"நல்ல வரிதானே?"

"ரெண்டு பேருக்கு அனுப்பினாலே அது நல்ல வரி இல்லை ஸார்."

என்னை ஒரு மாதிரி பார்த்தார். "மாசத்துக்கு எத்தனை வரும்?"

"மூணு, நாலு."

"சரி, தொலையட்டும்."

போன மாதம் அப்படி ஒன்று, சேர்ந்து மூன்று வாரமே ஆன பையனிடம் போனது. பெயின்ட் கடை. வீட்டம்மா தங்கிலீஷில் எழுதியிருந்தார். பையன் டெம்ப்ளேட்டைப் போட்டுவிட்டு, மேலே காலியாக இருந்த இரண்டு வரியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.

"அண்ணா, இங்க என்ன எழுதறது? ஆழ்ந்த அனுதாபம்னு போட்டுடவா?"

"அந்தம்மா என்ன கேக்கறாங்க?"

"கணக்கை மூடணும்னு."

"முழுசா படிச்சியா?"

மறுபடி படித்தான். இந்தத் தடவை உதடு அசைந்தது. "அவர்தான் எல்லாம் பாத்துக்கிட்டாராம். பாஸ்வேர்டு தெரியாதாம். யார் யார் எவ்வளவு பாக்கி தரணும்னு அவருக்குத்தான் தெரியுமாம். மூடினா அதெல்லாம் போயிடுமான்னு கேக்கறாங்க."

"போயிடுமா?"

"போகாதுண்ணா. லிஸ்ட் அப்படியே இருக்கும். பேப்பரைக் குடுத்தா அவங்க பேருக்கு மாத்திடலாம். மூடவே வேணாம்."

"அதை எழுது."

அடித்தான். அழித்தான். மறுபடி அடித்தான். 'அம்மா, உங்கள் கடையின் பாக்கி லிஸ்ட் பத்திரமாக இருக்கிறது. ஒரு ரூபாய் கணக்குகூட அழியாது' என்று ஆரம்பித்து, ஒரு பெருமூச்சு விட்டு, அனுப்பு பொத்தானைத் தட்டினான்.

ஆறு நிமிடம் பத்து விநாடி. சுவரில் மாட்டியிருக்கும் பெரிய திரையில் அவன் பெயர் சிவப்பாகிவிட்டது.