குருந்தம்: ஒரு கல்லின் பெயரும் அதன் வழக்கும்

தமிழிலிருந்து ஆங்கிலம் கடன்கொண்ட சொற்களைப் பற்றிப் பேச்சு எழும்போது கட்டுமரம், சுருட்டு, மிளகுதண்ணீர் என்பனவற்றை எடுத்துக்காட்டிப் பெருமை கொள்வது நமது வழக்கம். அப்பட்டியலில் அருகியே இடம்பெறும் சொல்லொன்று உண்டு. கனியவியலார் 'கொரண்டம்' என வழங்கும் சொல்லே அது. ஆங்கில அகராதிகள் அதன் மூலமாகத் தமிழ்க் 'குருந்தம்' என்பதைக் காட்டி, வடமொழிக் 'குருவிந்த' என்பதனோடு அதற்குள்ள உறவையும் குறிப்பிடும். மாணிக்கவாசகர் அருள்பெற்ற குருந்த மரத்தை இங்கு நினைத்தல் வேண்டா. ஒலி ஒத்ததாயினும் இது கல்லைக் குறிக்கும் வேறு சொல்.

அறிவியலார் கருத்தில் குருந்தமாவது பளிங்குருவில் அமைந்த அலுமினியம் ஒட்சைட்டு. மோசு என்பார் 1812இல் வகுத்த வன்மை அளவுத்திட்டத்தில் வைரம் 10ஆம் இடத்தையும் குருந்தம் 9ஆம் இடத்தையும் பெறும். தூய குருந்தத்திற்கு நிறமில்லை. சிறிதளவு குரோமியம் கலந்தால் அது சிவந்து மாணிக்கமாகும். இரும்பும் தைத்தானியமும் கலந்தால் நீலமாகும். இரத்தினபுரிக் குழிகளில் எடுக்கப்படும் நீலக்கற்களும், நம் நாட்டார் புட்பராகம் என விற்கும் மஞ்சட் கற்களும் இதன் வகைகளே.

பழைய தமிழ் வழக்கை நோக்கின் இரு வேறு நிலைகள் புலனாகும். திருவிளையாடற் புராணத்து மாணிக்கம் விற்ற படலம் மாணிக்கத்தின் வகைகளுள் ஒன்றாகக் குருவிந்தத்தைக் கூறுகின்றது. இது முடியிற் பதிக்கும் மணி. குருந்தக்கல்லோ தொழிலாளர் கைப்பொருள். மங்கிய நிறமுடைய அதனைப் பொடித்து, அரக்குடன் சேர்த்துச் சாணை செய்தனர். வாளைத் தீட்டவும் மணியை மெருகிடவும் அதுவே உதவிற்று. புலவர் பாடிய மணியும் தொழிலாளர் தேய்த்த கல்லும் ஒரே பொருளென்பதற்கு அவ்வழக்கில் இடமில்லை. நிறமே அங்கு பெயரை வகுத்தது. ஆதலின் மாணிக்கமும் நீலமும் நவமணிகளுள் இருவேறு மணிகளாக எண்ணப்பட்டன.

மேனாட்டிலும் நிலைமை வேறன்று. மாணிக்கத்தின் ஆங்கிலப் பெயரான 'ரூபி' செம்மையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லடியாகப் பிறந்ததே. 'கறுப்பு இளவரசரின் மாணிக்கம்' எனப் பெயர்பெற்றுப் பிரித்தானிய அரசமுடியில் வீற்றிருக்கும் செங்கல் உண்மையில் மாணிக்கமன்று; அது 'ஸ்பினல்' என்னும் வேறு கனியம். நிறத்தை நம்பிப் பெயரிட்டதன் விளைவு அது.

இம்மயக்கம் தெளியத் தொடங்கிய காலத்திலேயே நமது சொல் ஏற்றம் பெற்றது. 1798இல் சாள்ஸ் கிரெவில் என்பவர் ஆசியாவின் குருந்தக்கல் பற்றி இலண்டன் றோயல் கழகத்தின் வெளியீட்டிற் கட்டுரை வரைந்தார். 1802இல் பூர்ணோன் பிரபு அதே வெளியீட்டில், கீழைத்தேய மாணிக்கம், நீலம் என வழங்குவனவற்றைக் குருந்தத்தின் வகைகளாகவே விவரித்தார். இங்கு என் மனத்தைக் கவர்ந்த செய்தி ஒன்றுண்டு. இவை அனைத்திற்கும் பொதுப்பெயராக நிலைத்தது அரசர் விரும்பிய மணியின் பெயரன்று. சாணை பிடிப்போன் வாய்ச்சொல்லே மாணிக்கத்தையும் நீலத்தையும் தன்னுள் அடக்கிக்கொண்டது.

எனினும் ஆங்கிலத்தில் இன்றும் அது துறைசார்ந்தோர் சொல்லாகவே உள்ளது. நகைக்கடையில் அதனைக் கேட்பது அரிது. இரத்தினப் பரிசோதனைக்கூடம் வழங்கும் சான்றிதழிலோ இனம் குருந்தம் என்றும், வகை நீலம் என்றும் எழுதப்படும். சிவப்பு ஒன்றே 'ரூபி'. ஏனைய நிறத்தன எல்லாம், மஞ்சள் உட்பட, 'சபையர்' எனப்படும். இளஞ்சிவப்பு எங்கு முடிகிறது, சிவப்பு எங்குத் தொடங்குகிறது என்பதில் வணிகரிடையே பிணக்கு உண்டு. அவ்வெல்லையிலே விலை பெரிதும் மாறுவதே காரணம். மொழிபெயர்ப்பாளரும் விழிப்பாயிருத்தல் வேண்டும். புட்பராகம் எனும் சொல்லைக் கண்டவுடன் 'டோபாஸ்' என எழுதுவோர், நம் நாட்டு மஞ்சட் குருந்தத்தை வேறொரு கனியமாக்கிவிடுவர்.

தமிழில் அறிவியல் எழுதுவோருள் ஆங்கில ஒலிப்பைத் தழுவிக் 'கொரண்டம்' என்போரும் உளர். நம் வீட்டுப் பிள்ளை வேற்றுடை தரித்து வர, அவனை அயலானென வரவேற்பதை ஒக்கும் இது. ஆயினும் சொல் நம்முடையது என்னும் பெருமிதத்தோடு அமைந்துவிடுதலும் தகாது. சொல்லை நாம் கொடுத்தோம். அதற்கு வரையறையும் ஒழுங்கும் கொடுத்தவர் பிறர். கலைச்சொல்லாக்கத்தில் ஈடுபடுவோர் நிகண்டுகளைப் புரட்டுவதோடு கொல்லன் உலைக்களத்திற்கும் தச்சன் பட்டறைக்கும் மணி தீட்டுவோன் சாணைக்கும் செல்லுதல் வேண்டும். அங்கே வழங்கும் சொற்களைத் திரட்டி, ஒவ்வொன்றும் எப்பொருளைக் குறிக்கின்றதென வரையறுத்துப் பாடநூல்களில் ஒரே வழக்காக ஆள்வோமாயின், இன்னும் பல குருந்தங்கள் நமக்குக் கிட்டும்.