கடன் வாங்கிய பாவங்கள்

சாட்சி என்ற சொல் நம் வாழ்க்கையில் மூன்று இடங்களில் வருகிறது. வன்கொடுமை வழக்கில் கூண்டில் ஏறிச் சொல்வது ஒன்று. இதுமாதிரிப் பத்திரிகைகளில் நம் கதையை நாமே எழுதுவது இன்னொன்று. மூன்றாவதைப் பற்றி எழுத்தாளர்கள் அதிகம் பேசுவதில்லை. கல்லூரி ஜெபக்குழுவில் எழுந்து நின்று, கர்த்தர் என்னை எப்படிச் சந்தித்தார் என்று சொல்கிறோமே, அந்தச் சாட்சி. சேரியிலிருந்து சென்னைக்குப் படிக்க வந்த எத்தனையோ கிறிஸ்தவப் பிள்ளைகள் நாலு பேர் முன்னால் வாயைத் திறந்து தன் வாழ்க்கையைப் பேசப் பழகியது அங்கேதான். நானும் அங்கேதான் பழகினேன். அங்கே எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்பதுதான் என் பிரச்சினை.

செங்கல்பட்டுப் பக்கத்தில் ஒரு கிராமத்துச் சேரி எங்களுடையது. தாது வருசப் பஞ்சத்துக்கு அப்புறம் ஸ்காட்லாந்து மிஷன்காரர்களிடம் எங்கள் குடும்பம் ஞானஸ்நானம் வாங்கியதாக ஆயா சொல்லும். அதனால் என் சாதிச் சான்றிதழில் கிறிஸ்தவ ஆதிதிராவிடர் என்றிருக்கும். 2006இல் இளங்கலை படிக்கச் சென்னை வந்து அரசு விடுதியில் தங்கினேன். விடுதியில் மூத்த அக்கா ஒருத்தி, "சனிக்கிழம சாயங்காலம் சும்மாதான இருப்ப, வா" என்று மயிலாப்பூருக்குக் கூட்டிக்கொண்டு போனாள். சாந்தோமுக்குக் கிட்டே ஒரு மாடி. கீழே ஜமுக்காளம், ஓரத்தில் நாலு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு கிட்டார். கடைசியில் டீயும் பிஸ்கட்டும்.

அந்த மாடி எங்களுக்குச் செய்ததை மறைக்க மாட்டேன். பரீட்சைக்குப் பணம் கட்ட முடியாமல் நின்ற பெண்ணுக்கு அங்கேதான் காசு திரட்டினார்கள். எனக்குக் காய்ச்சல் வந்தபோது இரண்டு பேர் ராயப்பேட்டை ஆஸ்பத்திரியில் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். வகுப்பில் மூன்று வருசம் ஒரு கேள்வி கேட்காத பிள்ளைகள் அங்கே மைக் பிடித்துப் பேசினார்கள். மாட வீதிப் பக்கம் வாடகைக்கு ரூம் கேட்டுப் போனால் வீட்டுக்காரர் முதல் கேள்வியாக "நீங்க வெஜிடேரியனா?" என்பார். அந்தக் கேள்வியின் அர்த்தம் நமக்குத் தெரியும். அதே மயிலாப்பூரில், யாரும் எதுவும் கேட்காமல் பக்கத்தில் உட்கார வைத்த இடம் அது. பதினேழு வயதில் அது சின்ன விசயமில்லை.

ஆனால் யாரும் எதுவும் கேட்காததற்கு ஒரு விலை இருந்தது. நாங்களும் எதுவும் சொல்லக் கூடாது.

சாட்சிக்கு ஒரு ஒழுங்கு உண்டு. முன்பு எப்படி இருந்தேன், எங்கே சந்திக்கப்பட்டேன், இப்போது எப்படி இருக்கிறேன். முதல் பகுதிக்குப் பாவம் வேண்டும். சினிமாப் பைத்தியம், கோபம், பெற்றோருக்குக் கீழ்ப்படியாமை, காதல். இந்த நாலைந்தைத்தான் எல்லோரும் திருப்பித் திருப்பிச் சொல்வார்கள். திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்த என் தோழி ஒருத்தி, தான் சினிமாவுக்கு அடிமையாகக் கிடந்ததாக ஒருநாள் அழுதபடி சாட்சி சொன்னாள். அவள் ஊரில் தியேட்டரே கிடையாது. பஸ்ஸில் திரும்பும்போது கேட்டேன்.

"ஏண்டி, நீ எப்ப அவ்ளோ சினிமா பாத்த?"

"இன்னா பண்ணச் சொல்ற? எல்லாரும் அதத்தான் சொல்றாங்க. எங்க வூட்டுக் கதையச் சொன்னா அதுல பாவம் எங்க இருக்குது?"

அவள் வீட்டுக் கதை எனக்குத் தெரியும். ஆறாம் வகுப்பில் பள்ளிக்கூடக் கக்கூசைக் கழுவச் சொல்லி அவளையும் அவள் தெருப் பெண்கள் இரண்டு பேரையும் மட்டும்தான் அனுப்புவார்களாம். அதில் பாவம் இருக்கிறது. ஆனால் செய்தவள் அவளில்லை. தன் பாவத்தைச் சொல்ல மட்டும் இடமுள்ள கூட்டத்தில், தனக்கு எதிராகச் செய்யப்பட்ட பாவத்தை வைக்க இடமே இல்லை. ஆகவே அவள் யாரிடமிருந்தோ ஒரு பாவத்தைக் கடன் வாங்கினாள்.

2008 மார்ச் 9 அன்று எறையூரில் கலவரம். அன்றைய விழுப்புரம் மாவட்டத்துக் கத்தோலிக்கக் கிராமம் அது. தலித் கிறிஸ்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று கேட்டார்கள், தாக்கப்பட்டார்கள். போலீஸ் சுட்டதில் வன்னியக் கிறிஸ்தவர்கள் இரண்டு பேர் செத்தார்கள். கொன்றதும் செத்ததும் அடிபட்டதும் எல்லாம் செய்தித்தாளில் வந்தது. அடுத்த சனிக்கிழமை என் முறை. எங்கள் ஊர்க் கோயிலைக் கட்டியது யார், ஊர்த்தெரு வழியாக எங்கள் சவம் ஏன் போக முடியாது, எறையூர்ச் செய்தியைப் படித்தபோது எனக்கு என்ன ஆனது, இதெல்லாம் தெரிந்தும் நான் ஏன் இன்னும் ஜெபிக்கிறேன் என்று பத்து நிமிசம் பேசினேன். யாரும் 'ஆமென்' சொல்லவில்லை. கூட்டம் முடிந்து தலைவர் தனியாகக் கூப்பிட்டார். நல்ல மனிதர், அதட்டிப் பேசத் தெரியாதவர்.

"சிஸ்டர், சாட்சின்னா ஆண்டவரப் பத்தி இருக்கணும். சாதியப் பத்தி இல்ல. கிறிஸ்துவுக்குள்ள அதெல்லாம் இல்லியே."

"இல்லன்னா, எறையூர்ல யாரு பிரதர் யார அடிச்சது?"

அவர் பதில் சொல்லவில்லை. சபைச் சமாதானத்துக்காக ஜெபித்துக்கொள்வோம் என்றார்.

இந்த ஒழுங்கு எங்கிருந்து வந்தது? எம்.ஏ. தமிழ் படிக்கையில் மிஷன் வரலாற்றைத் தேடிப் படித்தேன். கல்லூரிக்குள் கிறிஸ்தவ ஊழியம் என்பதே நம்மை மனத்தில் வைத்துத் தொடங்கியதல்ல. 1830இல் கல்கத்தாவில் அலெக்சாண்டர் டஃப் ஆரம்பித்த வழி அது. ஆங்கிலப் படிப்பைக் கொடுத்து மேல்சாதிப் பையன்களைப் பிடி, மேலே மாறினால் கீழே தானாக வடியும் என்பது கணக்கு. அந்த வழியில் 1837இல் சென்னையில் ஜான் ஆண்டர்சன் தொடங்கிய பள்ளிதான் பின்னால் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்தது. மறு வருசமே அங்கே பறையர் மாணவர்கள் சேர்ந்திருப்பது தெரிந்து, அவர்களை வெளியே அனுப்பு, இல்லாவிட்டால் தனியே உட்கார வை என்று சாதி இந்துப் பிள்ளைகள் நெருக்கினார்கள். ஆண்டர்சன் முடியாது என்றார். பெருங்கூட்டமாகப் பிள்ளைகள் பள்ளியை விட்டுப் போனார்கள். போகட்டும் என்று விட்டார்.

1850இல் சென்னை மிஷனரி மாநாடு இன்னும் ஒருபடி மேலே போனது. எந்தச் சாதிக் கிறிஸ்தவரோடும் உட்கார்ந்து சாப்பிடத் தயாரில்லாதவன் சாதியை விட்டவன் ஆக மாட்டான் என்று தீர்மானம் போட்டது. லைப்சிக் லுத்தரன் மிஷன் அந்தக் கண்டிப்பை ஏற்கவில்லை. அந்த வெள்ளைக்காரர்களைப் புனிதராக்க நான் எழுதவில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள். சாதியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் சண்டை போட்ட காலம் ஒன்று கல்லூரி ஊழியத்திலேயே இருந்திருக்கிறது. பேசாமலிருப்பதுதான் கிறிஸ்தவம் என்பது பிற்பாடு வந்த பழக்கம்.

மேலேயிருந்து வடியும் என்றார்களே, வடியவில்லை. மிஷன் பள்ளிக்கூடங்களில் படித்த மேல்சாதியார் படித்துவிட்டு உத்தியோகத்துக்குப் போனார்கள். கூட்டம் கூட்டமாகச் சபைக்கு வந்தவர்கள் பஞ்சத்தில் அடிபட்ட சேரி ஜனங்கள். வந்தவர்கள் நிலம் கேட்டார்கள், பள்ளிக்கூடம் கேட்டார்கள். செங்கல்பட்டுக் கலெக்டர் டிரமென்ஹீர் எழுதிய அறிக்கையும் 1892இல் வந்த பஞ்சமி நில ஆணையும் அந்தக் காலத்துச் சங்கதிதான். இப்படியாக இரண்டு கிறிஸ்தவம் உண்டானது. கல்லூரிக் கிறிஸ்தவம் ஒன்று, சேரிக் கிறிஸ்தவம் ஒன்று. 1912இல் இந்திய மாணவர் கிறிஸ்தவ இயக்கம் வந்தது. 1924இல் கத்தோலிக்கப் பல்கலைக்கழக மாணவர் இயக்கமான ஐக்கஃபின் தொடக்கம். 1954இல் சுவிசேஷ மாணவர் ஒன்றியம். இதே சாந்தோமில் 1947இல் ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரி தொடங்கியது. எல்லாம் கல்லூரிக் கிறிஸ்தவத்தின் கிளைகள். இன்று அவற்றின் ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருப்பவர்களில் சேரிக் கிறிஸ்தவத்தின் பேரப்பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். ஆள் மாறிவிட்டது. பேச்சு மட்டும் இன்னும் அந்தப் பழைய மேல்சாதிப் பையனைப் பார்த்தே பேசிக்கொண்டிருக்கிறது. அவனுக்குச் சாதி ஒரு பிரச்சினையில்லை. ஆகவே சாட்சியிலும் அது இல்லை.

எல்லோரும் அப்படியே இருந்துவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். 1970இல் பூந்தமல்லியில் கூடிய ஐக்கஃப், அநீதியான சமூகத்தில் ஏழைகளின் பக்கம் நிற்பது என்று முடிவெடுத்தது. 1981இல் பெங்களூரில் ஏ.பி. நிர்மல் ஆற்றிய உரையிலிருந்து தலித் இறையியல் என்ற பேச்சு வளர்ந்தது. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் தியோபிலஸ் அப்பாவு, நம் பரட்டை அண்ணன், பறையை வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். ஒரே உலையில் பொங்கி எல்லோரும் உண்பதுதான் திருவிருந்து என்று பாடிக் காட்டினார். 2005இல் இறந்துபோனார். ஆனால் இவையெல்லாம் இறையியல் கல்லூரியோடும் கருத்தரங்கோடும் நின்றுவிட்டன. சனிக்கிழமை மாடிக்கு வந்து சேரவில்லை. கிருபை, இரட்சிப்பு, பரிசுத்தம் என்ற வடமொழியில்தான் அங்கே ஜெபம். "ஏசப்பா, இன்னாத்துக்கு எங்களுக்கு இந்த கெதி, நீயே சொல்லு" என்று எங்கள் ஆயா மல்லுக்கு நிற்குமே, அந்தத் தமிழுக்கு அங்கே இடமில்லை.

சாதி இல்லை என்று சொன்ன இடத்தில் சாதி எங்கே இருந்தது என்பது படிப்பு முடிந்ததும் தெரிந்தது. ஜெபக்குழுவில் பழகி, வேலைக்கும் போய், கட்டிக்கொள்ள விரும்பினார்கள் இரண்டு பேர். பெண் எங்கள் ஆள். பையன் தெற்கத்திக் கிறிஸ்தவ ஆதிக்க சாதி. இருவருமே அந்த மாடியில் சாட்சி சொன்னவர்கள். பையன் வீட்டில் "தேவ சித்தம் இல்லை" என்றார்கள். ஊழியத் தலைவர்களும் பெற்றோருக்குக் கீழ்ப்படியச் சொன்னார்கள். ஆறு மாதத்தில் அவனுக்கு அவன் சாதியிலேயே ஒரு விசுவாசி கிடைத்தாள். ஜெபத்தில் காணாமல் போன சாதி வரன் பார்க்கும்போது மட்டும் எப்படி அவ்வளவு துல்லியமாகத் திரும்பி வருகிறது? கிறிஸ்தவ மணமகள் தேவை விளம்பரங்களை எடுத்துப் பாருங்கள். சபையின் பெயருக்குப் பக்கத்திலேயே சாதியின் பெயர் உட்கார்ந்திருக்கும்.

இதைவிடப் பெரிய முடிச்சு சட்டத்தில் இருக்கிறது. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியாக முடியாது என்றது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிமும் இன்றுவரை வெளியே. தமிழ்நாட்டில் நாங்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில், நிலமும் ஆள்பலமும் உள்ள சாதிகளோடு போட்டி போடுகிறோம். இந்தப் பத்தியை நீக்கச் சொல்லி ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் பரிந்துரைத்தது. 2022இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் போட்டார்கள். பட்டியல் சாதித் தகுதி வேண்டும் என்று 2023 ஏப்ரலில் தமிழக சட்டமன்றமும் தீர்மானம் போட்டது. 2024 நவம்பரில், புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், கிறிஸ்தவ நம்பிக்கையோடு வாழ்ந்துகொண்டே பட்டியல் சாதிச் சான்று கேட்பது அரசியல் சட்டத்தின் மீதான மோசடி என்று உச்சநீதிமன்றம் சொன்னது.

இதற்கும் ஜெபக்குழுவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். கல்லூரிப் பதிவேட்டில் ஒரு பெயரும் ஜெபக்குழுவில் எஸ்தர், ரூத் என்று இன்னொரு பெயருமாக இரண்டு பெயரோடு வாழும் பிள்ளைகள் நம் விடுதிகளில் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளை தன் சேரியையும் தன் ஏசுவையும் சேர்த்து ஒரே மூச்சில் சாட்சி சொன்னால், அதுவே நாளைக்குத் தாலுக்கா ஆபீசில் அவளுக்கு எதிரான சாட்சி. ஸ்காலர்ஷிப் போகும், வேலை போகும். அவள் வாயை மூடியிருப்பது பயந்தாங்கொள்ளித்தனம் அல்ல. அரசும் சபையும் சேர்ந்து அவள் வாயில் வைத்த பூட்டு அது. சாதி வேண்டுமானால் சாமியை மற என்கிறது அரசு. சாமி வேண்டுமானால் சாதிக்கொடுமையை மற என்கிறது சபை.

ஆகவே முழுச் சாட்சி சொல்லும்படி அந்தப் பிள்ளையை நான் கேட்க மாட்டேன். கேட்க வேண்டியது மற்றவர்களை. சாதியைச் சொன்னால் எதையும் இழக்காதவர்கள் முதலில் எழுந்து சொல்லட்டும். நான் இன்ன சாதிக் கிறிஸ்தவன், எங்கள் ஊர்க் கல்லறையில் சுவர் இருக்கிறது, என் அக்கா கல்யாணத்தில் இன்னாரைச் சேர்க்கவில்லை, எங்களுக்கு இத்தனை ஏக்கர் நிலம் இப்படி வந்தது என்று சொல்லட்டும். சினிமா பார்த்த பாவத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். மாணவர் ஊழியம் நடத்தும் அமைப்புகள் மூன்றாம் பத்திக்கு எதிராக வெளிப்படையாகத் தெருவுக்கு வரட்டும். தங்கள் உறுப்பினர்களின் கலப்பு மணத்தைத் தலைவர்களே முன்னின்று நடத்தி வைக்கட்டும்.

போன வருசம் ஒரு மாணவர் கூட்டத்தில் இதையே பேசினேன். முடிந்ததும் ஒரு பையன் வந்தான். "அக்கா, எங்க குரூப்புல இத எப்படி ஆரம்பிக்கிறது?" என்றான். நீ எந்தத் தெரு என்று கேட்டேன். ஊர்த்தெரு என்றான். அப்போ நீதாம்பா ஆரம்பிக்கணும் என்றேன்.