அப்பாவின் இடது கால்

பொங்கல் லீவில் அப்பா, அம்மா, மச்சான், நான் என நாலு பேரும் ஊட்டிக்குக் கிளம்பினோம். வண்டி, அப்பா ரிடையரான பணத்தில் வாங்கிய செகண்ட்ஹேண்ட் கார். என்ன கார் என்று கேட்காதீர்கள், அப்பாவுக்குக் கோபம் வரும்.

மேட்டுப்பாளையத்தில் சட்டைப் பட்டனைத் திறந்துவிட்டு டீ குடித்தோம். கல்லாறு தாண்டி, 14 கொண்டை ஊசி வளைவும் ஏறிக் குன்னூர் வந்தபோது பட்டனைப் போட்டாகிவிட்டது. ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறு டிகிரி குறையுமாம். ஊட்டியோ 2,240 மீட்டர்!

கேத்தி பக்கம் வரும்போது முன்சீட்டில் இருந்த அப்பா, "டேய், என் இடது கால்ல மட்டும் யாரோ ஐஸ் வைக்கிற மாதிரி இருக்குடா" என்றார்.

"வயசாயிடுச்சுல்லப்பா... ஊட்டின்னா குளிரத்தான் செய்யும்."

அதற்கப்புறம் அவர் பேசவில்லை. ராத்திரி லாட்ஜில் வீசிங். இன்ஹேலரைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்தே தூங்கினார்.

விடிந்ததும் மச்சானை ஓட்டச் சொல்லி, அப்பா சீட்டில் நான் உட்கார்ந்தேன். தலைகுந்தா ரோடு. புல்வெளி முழுக்க உறைபனி, உப்பைக் கொட்டிப் பரப்பின மாதிரி. ரசிக்க விட்டால்தானே! வண்டி நாற்பதைத் தொட்டதும் கணுக்காலில் சுரீர் என்றது. ஊசி போடுமுன் நர்ஸம்மா பஞ்சால் தடவுவாரே, அந்தச் சில்லிப்பு. அப்பா சொன்னது நிஜம்.

மெக்கானிக் ஒருவர் வண்டியைத் தொடாமலே, "பீடிங் போச்சு சார், நாலு கதவுக்கும் மாத்திடலாம்" என்றார். நான் பி.காம். வவுச்சர் பார்க்காமல் காசு தர மாட்டேன். பேப்பரைக் கிழித்துக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தி இழுத்துப் பார்த்தேன். ரப்பர் நன்றாக இருந்தால் பேப்பர் இறுகி நிற்கும். போயிருந்தால் வழுக்கிக்கொண்டு வரும். நாலு கதவிலும் இறுகித்தான் நின்றது.

அப்போதுதான் உறைத்தது. நின்ற வண்டியில் காற்றே இல்லை, ஓடினால்தான் வருகிறது! கோயிலுக்கென்று அம்மா வாங்கிய ஊதுபத்தியில் ஒன்றைக் கொளுத்திக்கொண்டு மறுபடி கிளம்பினோம். (அப்பா லாட்ஜில். புகை அவருக்கு ஆகாது.) கியர் ராடு பக்கம் காட்டினேன், புகை நேராகப் போனது. கதவோரம், நேராக. டேஷ்போர்டுக்குக் கீழே இடது மூலையில் காட்டியதும் புகை மடங்கி என் முழங்காலுக்கு வந்தது. செக்போஸ்ட்டில் போலீஸ்காரர் எட்டிப் பார்த்து, "என்ன சார், வண்டிக்குப் பூஜையா?" என்றார்.

விஷயம் இதுதான். முன் கண்ணாடிக்கு அடியில், வைப்பர் பக்கம் காற்று நுழைய சின்னச் சின்ன ஓட்டைகள் உண்டு. ஓடுகிற வண்டியில் எதிர்க்காற்று கண்ணாடியில் மோதி அங்கேதான் அழுத்தும். வேண்டாமென்றால் டேஷ்போர்டு லீவரைத் தள்ள வேண்டும், உள்ளே ஒரு தகடு மூடிக்கொள்ளும். லீவர் என்னவோ மூடித்தான் இருந்தது. தகட்டு விளிம்பில் ஒட்டியிருந்த ஸ்பாஞ்ச்தான் மக்கி உதிர்ந்து போயிருந்தது. ஆறு மாசமாய் அம்மா கால்மிதியைத் தட்டும்போதெல்லாம், "இதென்னடா கறுப்புத் தூள்?" என்று கேட்டது அதைத்தான். அதற்கும் நான் பதில் சொன்னதில்லை.

மார்க்கெட்டில் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சும் ரப்பர் சொல்யூஷனும் வாங்கி, கீற்றாக வெட்டி ஒட்டினோம். மச்சானின் விரலும் சேர்ந்து ஒட்டிக்கொண்டது தனிக் கதை. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். டிக்கி பீடிங் போயிருந்தாலோ, தரையில் ஓட்டை இருந்தாலோ குளிரோடு சைலன்ஸர் புகையும் உள்ளே வரலாம். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. அதை மட்டும் அப்புறம் பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

"நீங்க சொன்னது சரிதாம்ப்பா" என்றேன்.

"பி.காம். படிச்சவன்ல... லேட்டாத்தான் டேலி ஆகும்" என்றார்.

இறங்கும்போது பர்லியாறு வரை அப்பா வாயே திறக்கவில்லை. அப்புறம் ஸ்வெட்டரைக் கழற்றிக்கொண்டே, "டேய், வேர்க்குதுடா. அந்தக் காத்து எங்கே, கொஞ்சம் திறந்து விடு" என்றார்.