கறுப்புத் திரைக்காரரின் சில அபிப்பிராயங்கள்

லினக்ஸ் பாவிக்கிற ஆக்களிட்ட ஒரு கெட்ட பழக்கம் இருக்கு. யாரும் கேட்க முதலே "நாங்கள் லினக்ஸ் பாவிக்கிறனாங்கள்" எண்டு சொல்லிப்போடுவினம். நாங்களும் அந்தக் கூட்டம்தான். ஆனபடியால் அதை முதலே சொல்லிவிடுகிறோம்.

உபுண்டு 2004 இல் வெளிவந்தது. 2011 வரை, கேட்டவர்களுக்கு இலவசமாகச் சீடியைத் தபாலில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சீடிக் காலத்து ஆக்கள் நாங்கள். இன்றுவரை அந்தக் குடும்பத்து இயங்குதளங்களோடுதான் காலம் போகிறது. இவ்வளவு காலம் ஒரே கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தால், செய்திகளையும் அந்தக் கண்ணாலேயே பார்க்கப் பழகிவிடும். அப்படிப் பார்த்ததில் வந்த சில அபிப்பிராயங்கள் இவை. ஆராய்ச்சிக் கட்டுரை இல்லை. பின்னேரம் மதிலில இருந்து கதைக்கிற கதை எண்டு வையுங்கோவன்.

2011 ஒக்ரோபர் 5 ஆம் திகதி ஸ்ரீவ் ஜொப்ஸ் இறந்தார். பத்திரிகை, ரீவி, பேஸ்புக் எல்லாம் அவர் படம்தான். ஒரு கிழமை கழித்து டெனிஸ் ரிச்சி இறந்த செய்தி வந்தது. எங்கட பக்கத்தில் அதைப் பற்றிக் கதைத்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். 1969 இல் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சனோடு சேர்ந்து யுனிக்ஸைத் தொடக்கியவர் ரிச்சி. 'சி' மொழியை உருவாக்கியவரும் அவர்தான். ஐபோனின் இயங்குதளம் யுனிக்ஸ் வழி வந்தது. அன்ரொயிட்டின் அடியில் இருப்பது லினக்ஸ். 1991 இல் ஹெல்சிங்கியில் படித்துக்கொண்டிருந்த லினஸ் ரோவால்ட்ஸ் அதை எழுதத் தொடங்கியதும் இதே சி மொழியில்தான்.

ஜொப்ஸுக்கு அந்த மரியாதை கூடிப்போச்சு எண்டு நாங்கள் சொல்ல வரவில்லை. குடிபூரலுக்குப் போனால் எல்லாரும் மாபிளையும் கதவையும்தான் மெச்சுவினம். அத்திவாரம் வெட்டின மேசனை ஆர் விசாரிக்கிறது? செய்தியும் அப்படித்தான் வேலை செய்கிறது. கையில் படுவதைச் சொல்லும். அடியில் கிடப்பது உடையும் மட்டும் அதைப் பற்றி ஒரு வரியும் வராது.

அடியில் கிடப்பது உடையப் பார்த்த கதையும் இருக்கிறது. 2024 மார்ச் 29 அன்று அன்ட்ரெஸ் ஃபுரொய்ண்ட் என்ற பொறியியலாளர் ஒரு தகவலை வெளியிட்டார். ஒரு கணினிக்குள் தூர இருந்து நுழையும்போது வழமையை விட ஏறத்தாழ அரைச் செக்கன் கூட எடுக்கிறதென்று கவனித்து, ஏன் என்று தோண்டியிருக்கிறார். தோண்டிப் பார்த்தால், எக்ஸ்ஸெட் எனப்படும் கோப்புச் சுருக்கும் மென்பொருளில் ஆரோ திட்டமிட்டு ஒரு கள்ளக் கதவு வைத்திருந்தார்கள். ஜியா டான் என்ற பெயரில் வந்த ஒருவர் இரண்டு வருடத்துக்கும் மேலாக உதவி செய்து, நம்பிக்கையைச் சம்பாதித்து, பிறகுதான் அதை வைத்திருக்கிறார். பெரும்பாலான சேவைக் கணினிகளுக்குப் போய்ச் சேர முதல் பிடிபட்டது. போய்ச் சேர்ந்திருந்தால், உலகத்தின் கணக்கற்ற சேவர்களுக்கு ஒரு ஆளின் கையில் சாவி இருந்திருக்கும்.

அதே வருடம் ஜூலை 19. கிரவுட்ஸ்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு பிழையான அப்டேற்றால் 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு நின்றன. விமானங்கள் நின்றன, ஆஸ்பத்திரிகளும் வங்கிகளும் தடுமாறின. அண்டைக்கு எங்களுக்கு வந்த மெசேஜ் எல்லாம் "மச்சான், உங்கட லினக்ஸ் தப்பிச்சிட்டுது என்ன?" என்பதுதான்.

தப்பித்தது உண்மைதான், ஆனால் அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. மார்ச்சில் தப்பியது ஒருவருடைய அரைச் செக்கன் கவனத்தால். ஜூலை நிகழ்ச்சி எல்லா நாட்டிலும் தலைப்புச் செய்தி. மார்ச் நிகழ்ச்சி கணினிக்காரருக்குள் சுற்றிய கதை. எங்களைக் கேட்டால், மார்ச்தான் பெரிய செய்தி. ஏனென்றால் அந்த எக்ஸ்ஸெட்டை நீண்ட காலமாகப் பார்த்துக்கொண்டிருந்தவர் அதைச் சம்பளமில்லாமல், பொழுதுபோக்காகச் செய்தவர். களைத்துப்போயிருந்தார். அவசரப்படுத்தி எழுதுகிற ஆக்கள் இருந்தார்கள், தோள் கொடுக்கிற ஆக்கள் இருக்கவில்லை. அந்த இடைவெளிக்குள்ளால்தான் கள்ளன் வந்தான்.

இது எங்களுக்குப் புதுக்கதையா? ஊர்ச் சனசமூக நிலையத்தை நினைத்துப் பாருங்கோ. கணக்கு எழுதுவதும் அவர்தான், பேப்பர் அடுக்குவதும் அவர்தான், திறப்பு வைத்திருப்பதும் அவர்தான். அவருக்கு ஏலாமல் போனால் என்ன நடக்கும் என்று ஒருவரும் கேட்பதில்லை. பிந்தித் திறந்தால் மட்டும் கேட்போம். "இலவசமாகக் கிடைக்கிறது" என்று நாங்கள் சொல்லும் ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் இப்படி ஒரு ஆள் இருக்கிறார்.

அப்படியான ஆக்கள் சேர்ந்தால் என்ன செய்யலாம் என்பதற்கும் இந்தத் தீவிலேயே உதாரணம் உண்டு. 2004 சுனாமிக்குப் பிறகு, காணாமல் போனோர், முகாம்கள், நிவாரணம் என்று எல்லாத்தையும் பதிந்து வைக்க இலங்கைத் தன்னார்வலர்கள் எழுதிய திறந்த மூல மென்பொருள் சஹானா. பிறகு பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும், ஹெய்ட்டி நிலநடுக்கத்திலும் அது பாவிக்கப்பட்டது. மூலநிரல் திறந்திருந்தபடியால்தான் அவ்வளவு தூரம் போனது. பள்ளிக்கூடத்தில் ஐசிரி படிக்கிற பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்?

இனி உள்ளூர்ச் செய்தி ஒன்று. 2023 இல் இலங்கை அரசாங்கத்தின் மேகக் கணினிச் சேவை கப்பம் கேட்கும் வைரஸால் தாக்கப்பட்டது. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரை, ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் கணக்குகளின் தரவு போய்விட்டது. அந்தக் காலத்துக்கு மீட்கக்கூடிய பிரதி இருக்கவில்லை. பாவித்த மென்பொருளும் காலாவதியானது. செய்தியில் "ஹக்கர்கள் தாக்குதல்" என்று பெரிதாகப் போட்டார்கள். தாக்குதல் எங்கேயும் நடக்கும். எங்களுக்குச் செய்தி, பிரதி இல்லாததுதான்.

பிரதி இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்று எங்கட சனத்துக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. அதில் ஓலைச்சுவடிகளும் இருந்தன. வேறெங்கும் பிரதி இல்லாதவை திரும்பி வரவேயில்லை. 2005 இல் தொடங்கிய நூலகம் திட்டம் இன்று ஈழத்துப் பத்திரிகைகளையும் புத்தகங்களையும் ஸ்கான் செய்து எவரும் வாசிக்க வைத்திருக்கிறது. அதன் தளம் ஓடுவது மீடியாவிக்கி என்ற கட்டற்ற மென்பொருளில். லைசன்ஸ் காசு கட்ட ஏலாதவர்களும் ஒரு நூலகம் கட்டலாம் என்பதுதான் இந்தக் கறுப்புத் திரையால் எங்களுக்குக் கிடைத்த பெரிய நன்மை என்று நினைக்கிறோம்.

அடுத்தது தடைகள். 2018 மார்ச்சில் கண்டிக் கலவரத்தின்போது, 2019 ஈஸ்ரர் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, 2022 ஏப்ரல் 3 அன்று போராட்டக் காலத்தில் என்று சமூக ஊடகங்கள் தடுக்கப்பட்டன. ஒவ்வொரு முறையும் "இன்ரநெற் வேலை செய்யேல்லை" என்றுதான் சனம் சொன்னது. உண்மையில் இன்ரநெற் வேலை செய்தது. பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும்தான் இல்லை. ஆனால் அந்த இரண்டையும் எடுத்துவிட்டால் எங்களிடம் வேறு ஒன்றும் மிஞ்சவில்லை, பாருங்கோ. உடனே எல்லாரும் கிடைத்த இலவச விபிஎன்னை இறக்கினார்கள். அதை ஆர் நடத்துகினம், எங்கட தரவு ஆரிட்டப் போகுது என்று கேட்க நேரமில்லை. 2024 பெப்ரவரி 1 முதல் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் இருக்கிறது. எது பொய்க்கூற்று என்று தீர்மானிக்க ஐந்து பேர் கொண்ட ஆணைக்குழு. யுனிக்ஸில் எல்லா அதிகாரமும் உள்ள கணக்குக்கு 'ரூட்' என்று பெயர். அந்தப் பாஸ்வேர்டை எவ்வளவு குறைந்த பேருக்குக் குடுக்கிறதோ அவ்வளவுக்கு நல்லம், குடுத்தாலும் என்ன செய்தார்கள் என்பதற்குப் பதிவு இருக்கவேணும். சட்டங்களையும் இப்படிப் பார்க்கிறது எங்கட தொழிற்குணம்.

சரி, அப்ப எல்லாரும் லினக்ஸுக்கு வரவேணுமோ? இல்லை. "அண்ணை, இதில போட்டோஷொப் ஓடுமோ?" என்று கேட்டால், நேராக ஓடாது என்பதுதான் நேர்மையான பதில். கல்யாண அல்பம் அடிக்கிற தம்பிக்கு விண்டோஸோ மக்கோதான் சரி. அவரோடு சண்டை பிடிக்க எங்களுக்கு விருப்பமில்லை. ஆனால் அவரிடமும் ஒன்று கேட்போம்: பாமினியில் அடித்ததை எல்லாம் ஒருக்கா யுனிகோட்டுக்கு மாத்தி வைச்சால் என்ன? பாமினி, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை இருத்தி வைத்த எழுத்துரு. அது இல்லாத கணினியில் திறந்தால் அம்மம்மாவின் கல்வெட்டும் ஆங்கிலக் குப்பையாகத்தான் தெரியும், தேடினாலும் அகப்படாது. இதில் லினக்ஸ், விண்டோஸ் பேதம் இல்லை.

செயற்கை நுண்ணறிவு பற்றியும் கேட்கிறார்கள். நாங்களும் பாவிக்கிறோம். ஆனால் அது சொல்கிற கட்டளையை ஒட்ட முதல் 'மான்' என்று அடித்து விளக்கத்தை வாசிப்போம். காட்டு மான் இல்லை, யுனிக்ஸின் கையேடு. வட்ஸ்அப்பில் வருகிற செய்தியை முன்னனுப்ப முதலும் அதே வேலைதான்: ஆர் சொன்னது, எப்ப சொன்னது, மூலம் எங்கே.

கடைசியாக ஒரு நடைமுறை விசயம். 2025 ஒக்ரோபர் 14 உடன் விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கிற வசதிகள் பல பழைய கணினிகளில் இல்லை. 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறினபோது மடிக்கணினி விலை எங்கே போனது என்று எல்லாருக்கும் நினைவிருக்கும். ஆகவே வீட்டில், பள்ளிக்கூடத்தில், வாசிகசாலையில் "பழசு" என்று மூலையில் கிடப்பதை எறியாதேங்கோ. உள்ளே இருக்கிற படங்களையும் ஆவணங்களையும் முதலில் இரண்டு இடத்தில் பிரதி எடுங்கோ. பிறகு ஒரு பென்ட்ரைவில் லினக்ஸை ஏற்றி, ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமலே ஓட்டிப் பாருங்கோ. பிடிக்காவிட்டால் பென்ட்ரைவைக் கழற்றினால் சரி. பிடித்தால், ஓஎல் படிக்கிற ஒரு பிள்ளைக்கு அது இன்னும் நாலைந்து வருடம் ஓடும்.