குளிரும் நானும்

வெப்பத்திற் பிறந்து வெப்பத்திலேயே வளர்ந்தவன் குளிரைப் பற்றிப் பேசுவது, நீந்தத் தெரியாதவன் கடலைப் பற்றிப் பேசுவதை ஒக்கும். கரையில் நிற்குமட்டும் அவன் பேச்சுக்குக் குறைவிராது; அலை வந்து காலை நனைத்த பிறகுதான் வாய் அடங்கும். என் வாய் அடங்கிய இடம் பிரிஞ்சாங். பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில், கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் அமைந்த சிற்றூர் அது.

1978-ஆம் ஆண்டு பிறந்த முதல் வாரத்தில், அவ்வூரை அடுத்த ஒரு தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிக்குத் தற்காலிக ஆசிரியனாக நான் அனுப்பப்பட்டேன். கிள்ளான் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் பிறந்தவன் நான். தந்தையார் அங்கே கிராணி வேலை பார்த்தவர். நான் மலைக்குப் போகிறேன் என்றறிந்த நண்பர்கள், வடதுருவத்திற்குச் செல்பவனை வழியனுப்புவதுபோல் வந்து கூடினர். ஒருவர் கம்பளி கொண்டுபோகச் சொன்னார். மற்றொருவர் கையுறை வாங்கச் சொன்னார். நானோ நகைத்தேன். “நிலநடுக்கோட்டிலிருந்து ஐந்து பாகைக்குள் இருக்கிற ஊரில் குளிராவது, நடுக்கமாவது! பூகோளம் படித்தவனிடமா இந்தக் கதை?” என்றேன். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ ஆறரைப் பாகை குறையும் என்பதும் அதே பூகோள நூலில்தான் இருந்தது. அப்பக்கம் என் நினைவுக்கு வரவில்லை. ஒரே ஒரு பருத்திப் போர்வையுடன் புறப்பட்டேன்.

தாப்பாவிலிருந்து பேருந்து வளைந்து வளைந்து ஏறியது. பாதி வழியில் சன்னலை மூடினேன். முக்கால் வழியில் சட்டைப் பொத்தான்களைப் போட்டேன். பிரிஞ்சாங்கில் இறங்கும்போது, பெட்டியைத் திறந்து இரண்டாவது சட்டையையும் முதற் சட்டையின்மேல் அணிந்துகொண்டேன். பூகோளம் படித்தவனின் முதல் தோல்வி அது.

மறுநாட் காலை பள்ளிக்குச் சென்றேன். பிள்ளைகள் முற்றத்தில் வரிசையாக நின்றனர். என்ன கண்டேன்! ஆறு வயதுப் பாலகன் முதல் பன்னிரண்டு வயதுச் சிறுமி வரை அத்தனை பேர் வாயிலிருந்தும் புகை! இந்தத் தோட்டத்தில் குழந்தைகள்கூடப் பீடி குடிக்கின்றனரோ என்று என் உள்ளம் பதைத்தது. ஆசிரியனுக்குரிய கோபத்துடன், “யார் உங்களுக்குப் பீடி கொடுத்தது?” என்று அதட்டினேன். அதட்டிய என் வாயிலிருந்தே, பிள்ளைகள் எல்லாருக்கும் சேர்த்துவிட்டாற்போன்ற பெரும் புகையொன்று கிளம்பிற்று. பிள்ளைகள் சிரித்த சிரிப்பு இன்னும் என் செவியில் ஒலிக்கிறது. மூச்சிலுள்ள ஈரம் குளிர்காற்றிற் பட்டவுடன் நுண்துளியாகிப் புகைபோல் தோன்றும் என்பதை அன்று நான் மாணவரிடமிருந்து கற்றேன்.

அடுத்த பாடம் தேங்காய் எண்ணெய் கற்பித்தது. பிரிஞ்சாங் கடையொன்றில் மாலையில் ஒரு புட்டி எண்ணெய் வாங்கினேன். காலையில் தலைக்குத் தடவலாமென்று கவிழ்த்தால் ஒரு சொட்டும் விழவில்லை. உள்ளே வெள்ளை மெழுகு உறைந்து கிடந்தது. கலப்படம் என்று தீர்மானித்தேன். புட்டியும் கையுமாகக் கடைக்குச் சென்று, வணிகத்தில் நேர்மை வேண்டும் என்பது குறித்து ஒரு சிறு சொற்பொழிவே ஆற்றினேன். கடைக்காரச் சீனப் பெரியவர் ஒன்றும் பேசவில்லை. புட்டியை வாங்கி, தேநீர் கொதித்துக்கொண்டிருந்த அடுப்பின் அருகே வைத்தார். நான் சொற்பொழிவை முடிக்குமுன் மெழுகு எண்ணெயாகிவிட்டது. தேங்காய் எண்ணெய் சுமார் 24 பாகைக்குக் கீழே உறைந்துவிடும் பொருள். கிள்ளானில் அது உறைய நேர்ந்ததே இல்லை. ஆகவே எனக்கு அறிய நேர்ந்ததும் இல்லை. பெரியவர் புட்டியை என்னிடம் நீட்டி, “புது வாத்தியாரா?” என்று தமிழிலேயே கேட்டார். என் முகவரியைக் கூற வேண்டிய தேவையே எழவில்லை.

இன்னும் எத்தனையோ உண்டு. தோசை மாவு மூன்று நாளாகியும் புளிக்கவில்லை. பருப்பு வேகவே இல்லை; அந்த உயரத்தில் நீர் 95 பாகையிலேயே கொதித்துவிடுவதால், கொதிப்பு இருந்தும் சூடு போதவில்லை. துவைத்த வேட்டி நான்கு நாள் கொடியில் தொங்கியும் ஈரம் போகாமல், மூடுபனியைப் பருகிப் பின்னும் கனத்தது. குளிப்பதைப் பற்றியோ கேட்க வேண்டாம். நாள்தோறும் நீராடுதலே நாகரிகம் என்று பிள்ளைகளுக்குப் போதித்துவிட்டு வந்து, வாளித் தண்ணீரை ஒரு விரலால் தொட்டுப் பார்த்து, அவ்விரலை மட்டும் நீராட்டியதோடு திருப்தி கொண்ட நாட்களும் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இவ்விடர்களிலிருந்து என்னைக் காத்தவர் ஒரு மூதாட்டி. கொழுந்து கிள்ளும் வேலையில் இருந்தமையால் தோட்டத்தார் அவரைக் கொழுந்துப் பாட்டி என்று அழைத்தனர். ஐம்பத்தைந்து வயது, எலும்பும் நரம்புமான உடல். மாவுப் பானையைத் துணி சுற்றி அடுப்பின் ஓரத்தில் வைக்கச் சொன்னவர் அவர். பருப்பை முன்னிரவே ஊறவைக்கச் சொன்னவர் அவர். ஒரு கனத்த போர்வையினும் இரண்டு மெல்லிய போர்வைகள் மேல் என்று கற்பித்தவரும் அவரே. இத்தனைக்கும் நான் அவருக்குச் செய்தது யாதெனில், ஒன்றும் இல்லை. அதைத்தான் இனிச் சொல்ல வேண்டும்.

இந்த மலைக்கு மனிதர் வந்த கதையைச் சற்று நினைத்துப் பாருங்கள். வில்லியம் கேமரன் என்ற அரசாங்க நில அளவையாளர் 1885-இல் இம்மேட்டு நிலத்தைக் கண்டறிந்தார். நாற்பது ஆண்டுகள் கழித்து, 1925-இல், சர் ஜார்ஜ் மாக்ஸ்வெல் வந்து பார்த்த பின்னரே இதனைக் கோடை வாசத்தலமாக்கும் முயற்சி தொடங்கிற்று. 1929-இல் ரஸ்ஸல் என்பார் போ தேயிலைத் தோட்டத்தை நிறுவினார். வெயிலில் வாடிய வெள்ளையர்க்குக் குளிர் வேண்டியிருந்தது. தேயிலைச் செடிக்கும் குளிர் வேண்டியிருந்தது. குளிர் வேண்டுமா என்று ஒருவரும் கேளாமல் அழைத்துவரப்பட்ட கூட்டம் ஒன்றும் உண்டு. அதுவே நம் தமிழ்த் தொழிலாளர் கூட்டம். கொழுந்துப் பாட்டி சேலம் சில்லாவிலிருந்து 1930-இல், ஏழு வயதில், காடு வெட்ட வந்த தாய் தந்தையருடன் மலையேறியவர். அதன்பின் அவர் கீழே இறங்கி வாழ்ந்ததில்லை.

அப்படி 48 ஆண்டுகள் அம்மலையில் உழைத்தவரின் கையில் இருந்தது சிவப்பு அட்டை. குடியுரிமை உள்ளவர்க்கு நீல அட்டை. நிலையாக வாழ்ந்தும் குடியுரிமை இல்லாதவர்க்குச் சிவப்பு அட்டை. இது இந்நாட்டு முறை. 1968-ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர் வேலை செய்வதற்குத் தனி அனுமதிச் சீட்டு வேண்டும். தாம் நட்ட செடியில் தாமே கொழுந்து கிள்ளுவதற்குப் பாட்டி அனுமதி கேட்க வேண்டியிருந்தது. நான் வந்த முதல் வாரத்திலேயே ஒரு விண்ணப்பத் தாளைக் கொண்டுவந்து, “இதை எழுதிக் குடுங்க, வாத்தியாரய்யா” என்று வைத்துவிட்டுப் போனார்.

நான் எழுதவில்லை. மனம் இல்லாமலில்லை. கை விறைத்திருந்தது. விரல் மடங்கவில்லை, பேனா மையும் என்னைப் போலவே சோம்பிற்று. “நாளைக்குப் பார்ப்போம், பாட்டி” என்றேன். மறுநாளும் குளிர்ந்தது. ‘நாளை’ என்றேன். சனவரி முழுவதும் குளிர்ந்தது. சனவரி முழுவதும் அந்தச் சொல்லையே சொன்னேன்.

பிப்ரவரி முதல் நாள் விடிந்தது. விடிந்தது என்பது பஞ்சாங்கத்துக்குப் பொருந்தும். எனக்கு அன்று விடியவே இல்லை. அவ்வாண்டுகளில் வடகிழக்குப் பருவக் காற்றின் காலத்தில், ஆசியாவின் வடபுலத்தே திரளும் குளிர்காற்று தென்சீனக் கடலைக் கடந்து இங்கு வந்து தாக்குவதுண்டு என்று பின்னர்ப் படித்தேன். அன்று கேமரன் மலையில் வெப்பம் 7.8 பாகைக்கு இறங்கிற்று. மலேசியாவில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை அதுவே. பனி பெய்யும் நாட்டார் இதைக் கேட்டால் நகைப்பர். அது அவர்களுக்கு இளவேனிலாக இருக்கலாம். கணப்பும் கண்ணாடிச் சன்னலும் இல்லாத பலகை வீட்டில் இரு போர்வையும் மூன்று சட்டையும், கைகளிற் காலுறையும் அணிந்து கிடந்த எனக்கு அது ஊழிக்காலமாகவே தோன்றிற்று.

இருட்டோடு கதவு தட்டப்பட்டது. திறந்தேன். கொழுந்துப் பாட்டி நின்றார். தலையில் துண்டு, இடுப்பில் சாக்குத் துணி, முதுகிற் கூடை, காலில் செருப்பு இல்லை. பெரட்டுக்குப் போகும் வழியில் வந்திருந்தார். “அந்தத் தாளு ஆயிடுச்சுங்களா?” என்றார்.

நான் காலுறை அணிந்த இரு கைகளையும் உயர்த்திக் காட்டினேன். “இந்தக் குளிரில் எப்படி எழுதுவது, பாட்டி? கை விறைத்துப் போகிறதே! நாளைக்கு எழுதித் தருகிறேன்.”

பாட்டி கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் நான் தப்பியிருப்பேன்.

“சுதந்திரம் வந்த வருசம், பரீட்சை இல்லாமலே குடியுரிமை குடுக்கறாங்கன்னு சொன்னாங்க. கிராணி ஐயாகிட்டப் போனோம். அவரும் உங்களை மாதிரி நல்லவருதாங்க. ‘நாளைக்கு வா ஆத்தா’ன்னு அன்பாத்தான் சொன்னாரு” என்றார். பிறகு இருட்டில் இறங்கிப் போய்விட்டார்.

அவர் சொன்னது மெய். 1957-இல் விடுதலை பெற்ற பின் ஓராண்டுக் காலம், மலாய் மொழித் தேர்வின்றியே குடியுரிமை கோர வழியிருந்தது. அவ்வோராண்டும் ‘நாளை’யிலேயே கழிந்திருக்கிறது. பாட்டி குறிப்பிட்டவர் என் தந்தையார் அல்லர். அவர் கிள்ளானில் இருந்தவர். ஆயினும் என் தந்தையாரின் மேசைமுன் கைகட்டி நின்றவர்களை நான் சிறுவயதிற் கண்டிருக்கிறேன். அவர் அன்பாக ‘நாளை’ என்று சொன்னதையும் கேட்டிருக்கிறேன். லயத்துப் பக்கம் போகாதே என்று எனக்கு இட்ட கட்டளையையும் நான் மறக்கவில்லை. அச்சொல்லின் விலை இருபது ஆண்டு என்பது அன்றுதான் தெரிந்தது.

அன்று முற்பகலில் பள்ளி வேலியருகே நின்று பார்த்தேன். எதிர்ச் சரிவில் பெண்கள் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தனர். ஓர் அரும்பும் ஈரிலையும். ஓர் அரும்பும் ஈரிலையும். இலைதோறும் பனிநீர், கைதோறும் ஈரம். என் கைக்கு விறைத்த அதே குளிர் அவர்கள் கைக்கும் விறைத்திருக்கத்தானே வேண்டும்? அவர்கள் கை விறைத்தால் கூடை நிறையாது. கூடை நிறையாவிட்டால் கூலி நிறையாது. என் கை விறைத்தால் எனக்குச் சம்பளம் குறையாது. குளிர் எல்லார்க்கும் ஒன்றுதான். குளிரைக் காரணங் காட்டும் உரிமை மட்டும் எல்லார்க்கும் இல்லை.

அன்று மாலை, வாழ்வில் முதன்முறையாக, அழைப்பின்றி லயத்துக்குள் நுழைந்தேன். பாட்டி வியப்பைக் காட்டாமல் அடுப்பருகே பலகையைப் போட்டார். சர்க்கரை மிகுந்த வெறுந் தேநீரை ஒரு தகரக் குவளையில் தந்தார். ஒரு மாதமாக மடங்காத விரல்கள் கால் நாழிகையில் மடங்கின. எழுதி முடிக்க ஒரு மணி நேரங்கூட ஆகவில்லை.

விண்ணப்பம் போனாற் போதுமா? மலாய் மொழி போதிய அளவு தெரிந்திருக்க வேண்டும் என்பது சட்டம். ஆகவே மாலைதோறும் அந்த அடுப்பங்கரையே பள்ளியாயிற்று. முதற் சொல்லாகக் குளிர் என்பதற்கு ‘செஜூக்’ என்று கற்பித்தேன். எண்களைக் கற்பித்தேன், உறவுப் பெயர்களைக் கற்பித்தேன். ‘நாளை’ என்பதற்குப் ‘பேசோக்’ என்று தொடங்கியபோது பாட்டி கையமர்த்தினார். “அது தெரியுங்க. எல்லா ஆபீசிலேயும் அதைத்தான் முதல்ல சொல்லிக் குடுத்தாங்க” என்றார்.

அவ்வாண்டின் பிற்பகுதியில் நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. பாட்டி கீழே இறங்கிச் சென்று திரும்பினார். என்ன கேட்டார்கள் என்றேன். மேலே குளிர் எப்படி என்று அதிகாரி கேட்டாராம்; நாற்பத்தெட்டு ஆண்டுக் குளிரையும் தமக்குத் தெரிந்த மலாயில் இவர் சொல்லத் தொடங்க, போதும் போதும் என்று அவர் சிரித்துவிட்டாராம். மறு ஆண்டு நீல அட்டை வந்தது.

எல்லார்க்கும் அப்படி வந்துவிடவில்லை. 2018-ஆம் ஆண்டிலேகூட, அறுபது வயது கடந்த சிவப்பு அட்டை இந்தியர் மூவாயிரத்துக்கு மேற்பட்டோருக்குக் குடியுரிமை வழங்கப்படும் என்று அரசாங்கம் அறிவிக்க வேண்டிய நிலை இருந்தது. இன்று பிரிஞ்சாங் விடுதிகளும் வாகனங்களும் நெருங்கிய ஊர். தோட்டங்களில் வங்காளதேசத்தாரும் நேப்பாளத்தாரும் இந்தோனேசியரும் வேலை செய்கின்றனர். அவர்களிடமும் தாள்கள் இருக்கும். அத்தாள்களை எழுதித் தரவேண்டியவர்க்கும் கை விறைக்கக்கூடும்.

நீல அட்டை வந்த மறுநாள் மாலை பாட்டியின் வீட்டுக்குப் போனேன். வாழ்த்திவிட்டு வரலாமென்று எண்ணம். உள்ளே நான்கு மூதாட்டியர் அமர்ந்திருந்தனர். நால்வர் மடியிலும் சிவப்பு அட்டை. நால்வர் கையிலும் எழுதப்படாத தாள். அன்றும் நல்ல குளிர். பழக்கத்தால் ஒரு சொல் என் நாவின் நுனிவரை வந்தது. அதற்குள் பாட்டி அடுப்பை மூட்டிவிட்டார்.