நாம் வெள்ளையடித்த கதை

சுவரை வைத்தே சித்திரம் வரைதல் வேண்டும் என்பது முன்னோர் மொழி. அவர்கள் சுவரென்று குறித்தது மனிதனுடைய உடம்பை. நாமோ சில ஆண்டுகளுக்கு முன்னர், அச்சொல்லுக்கு எமது வீட்டுச் சுவரையே பொருளாகக் கொண்டு, உடம்பை மறந்துவிட்டோம். அதனால் நேர்ந்ததை மறைக்காது கூறுதல், தம் கையாலேயே வீட்டைத் திருத்திக்கொள்ள எண்ணும் குடும்பத்தினருக்குப் பயன்படும் எனக் கருதி இதனை எழுதுகின்றோம்.

2022ஆம் ஆண்டு எளிதில் மறக்கக்கூடிய ஆண்டன்று. அதற்கு முன் ஆயிரம் ரூபாவை ஒட்டி நின்ற சீமெந்துப் பை, அவ்வாண்டிலே 2,500 ரூபாவையும் தாண்டிற்று. வர்ணப்பூச்சின் விலையை விசாரித்தவர் பலர் கடைவாசலிலிருந்தே திரும்பினர். ஆசிரியரின் சம்பளமோ அவ்விலைகளுக்கு ஈடுகொடுக்கவில்லை. இந்நிலையில் 2023ஆம் ஆண்டுத் தைப்பொங்கல் அணுகிற்று. மாரி மழையிலே நனைந்து பாசி படர்ந்த சுவர்களோடு பொங்கலை வரவேற்க எம் தாயாருக்கு மனமில்லை.

எமது வீடு பாட்டனார் காலத்தது. சுண்ணாம்புச் சாந்தினாலே எழுப்பப்பெற்றது. நிலத்துக்கடியிலே சுண்ணாம்புக்கல் நிறைந்த யாழ்ப்பாணக் குடாநாட்டில் அத்தகைய வீடுகள் பல உண்டு. ஆண்டுதோறும் மார்கழி இறுதியில் அயற்கிராமத்து முதியவர் ஒருவர் வந்து வெள்ளையடித்துச் செல்வது வழக்கம். அவ்வாண்டு அவரது கூலியை மிச்சம்பிடிக்கலாமென நாம் தீர்மானித்தோம். இத்தீர்மானத்துக்குச் சிக்கனத்தோடு செருக்கும் ஒரு காரணமாகும். நாம் கல்லூரியில் இரசாயனவியல் கற்பிப்பவர். நீறாத சுண்ணாம்பு கல்சியம் ஒட்சைட்டு என்பதையும், அது நீரோடு சேர்ந்து பெருவெப்பத்தை வெளிவிட்டுக் கல்சியம் ஐதரொட்சைட்டாக மாறும் என்பதையும் எத்தனையோ மாணவருக்கு எடுத்துரைத்தவர். சுண்ணாம்பைப்பற்றி எமக்கு இன்னொருவர் சொல்ல என்ன இருக்கிறது என்று எண்ணினோம்.

மழை ஓய்ந்த ஒரு சனிக்கிழமை காலை, சுட்ட சுண்ணாம்புக்கட்டிகளை ஓர் இரும்பு வாளியில் இட்டுக் கிணற்றடியில் வைத்தோம். மூத்த மகன் அருகே நின்றான். ஆர்வமிகுதியால் ஒரு குடம் நீரை அக்கட்டிகளின்மேல் ஒரேயடியாகச் சாய்த்தோம். சிறிது நேரம் யாதொன்றும் நிகழவில்லை. "அப்பா, ஒண்டும் நடக்கேல்லை" என்று மகன் குனிந்து பார்த்தான். அக்கணமே வாளி சீறிற்று. கொதித்தெழுந்த சுண்ணாம்புக் குழம்பு தெறித்து அவன் வலக்கண்ணில் விழுந்தது.

அவன் அலறிய ஒலி இன்றும் எம் காதில் உளது. எமது அறிவு அப்பொழுது செய்த வேலையைச் சொல்லவும் நாணுகின்றோம். காரத்தை அமிலம் நடுநிலையாக்கும் என்ற பாடம் நினைவுக்கு வரவே, தேசிக்காய் எடுக்க அடுக்களைக்கு ஓடினோம்! இல்லாளோ பாடம் எதனையும் நினைந்திலர். மகனைக் கிணற்றுக்கட்டிலே கிடத்தி, கண்ணைக் கசக்க விடாது கையைப் பிடித்து, இமைகளை விரித்து நீர் வார்க்கத் தொடங்கிவிட்டார். தேசிக்காயோடு வந்த எம்மைக் கண்டு, "இஞ்சாருங்கோ, அதை எறிஞ்சுபோட்டுத் தண்ணியை அள்ளுங்கோ" என்றார். அள்ளினோம். அரைமணி நேரம் இடைவிடாது வார்த்தபின்னரே முச்சக்கரவண்டியில் வைத்தியசாலைக்கு விரைந்தோம்.

அங்கே வைத்தியர் மேலிமையைப் புரட்டி, அதன்கீழ் ஒட்டியிருந்த சுண்ணாம்புத் துணிக்கைகளை அகற்றி, மீண்டும் நெடுநேரம் கழுவினார். காரம் கண்ணின் உள்ளே ஊடுருவிச் செல்வது. ஆதலின் பல அமிலங்களிலும் கொடியது. கண்ணிலே அமிலத்தை ஊற்றியிருந்தால் காயத்தின்மேல் காயம் சேர்ந்திருக்கும். பொன்னான நிமிடங்களும் வீணாகியிருக்கும். "வீட்டிலை உடனை கழுவினதாலைதான் பார்வை தப்பினது" என்றார் வைத்தியர். பல நாள் மருந்திட்டபின் மகனின் கண் தெளிந்தது. அவ்விரவுகளில் எமக்கு உறக்கமில்லை.

செய்தி அறிந்து முதியவர் வந்தார். அவர் எம்மிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "மாஸ்டர், தண்ணியோ முதல், சுண்ணாம்போ முதல்?" நடந்ததைச் சொன்னோம். "தண்ணிக்குள்ளைதான் சுண்ணாம்பைப் போட வேணும். சுண்ணாம்புக்கு மேலை தண்ணியை ஊத்தப்படாது" என்றார். எமது பட்டப்படிப்பு முழுவதையும் இவ்விரு வாக்கியங்களுக்கு ஈடாகக் கொடுக்க அன்று நாம் ஆயத்தமாயிருந்தோம். சமன்பாட்டிலே எது முந்தியது, எது பிந்தியது என்ற பேதம் இல்லை. கிணற்றடியிலே அப்பேதமே கண்ணைக் காப்பது. நிறைந்த நீரிலே சிறிது சுண்ணாம்பு வீழின், பிறக்கும் வெப்பத்தை நீர் முழுவதும் பகிர்ந்துகொள்ளும். நிறைந்த சுண்ணாம்பின்மேல் நீர் வீழின், அது அவ்விடத்திலேயே கொதித்துச் சிதறும்.

அடுத்த வாரம் அவருக்கு ஒருநாட் கூலியை முழுமையாகக் கொடுத்து, எமக்கு ஆசிரியராக அழைத்தோம். அவர் கற்பித்தவற்றை இங்கே சுருக்கித் தருகின்றோம்.

வாளி உலோகத்தாலானதாக இருத்தல் வேண்டும். பிளாத்திக்கு வாளி வெப்பத்தால் இளகும். நீர் பாதியளவு நிற்க, சுண்ணாம்பைச் சிறிது சிறிதாக இட்டு, நீண்ட தடியால் எட்டநின்று கலக்குக. சிறுவர் அயலில் நிற்றலாகாது. ஒருநாளேனும் ஆறவிட்டு, துணியால் வடித்து, பால்போலக் கரைத்துக்கொள்க. சுவரின் பாசியையும் பழைய பொருக்குகளையும் தும்புத்தூரிகையால் தேய்த்து நீக்கி, சுவரை நனைத்தபின்னரே பூசத் தொடங்குக. தடிப்பாக ஒருமுறை பூசுவதினும் மெல்லியதாக இருமுறை மும்முறை பூசுவதே சிறந்தது. பூசியவுடன் சுவர் மங்கித் தோன்றும்; அதுகண்டு மேலும் மேலும் அப்புதல் புதியவர் செய்யும் பிழை. உலர உலர வெண்மை தானே மலரும். காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை ஏற்றுச் சுண்ணாம்பு மீண்டும் கல்லாகும் செயலே அது. கடும்வெயிலில் விரைந்து உலர்ந்தால் அச்செயல் நிறைவுறாது. பூச்சு தூளாக உதிரும். வர்ணம் பூசிய சுவரிலோ சுண்ணாம்பு நன்கு ஒட்டாது.

கண்ணுக்குக் காப்புக்கண்ணாடியும் கைக்கு உறையும் இன்றியமையாதவை. பையில் விற்கும் நீறிய சுண்ணாம்பை வாங்கினால் கொதிக்கும் அபாயம் இல்லை. எனினும் அதுவும் காரமே, கண்ணுக்குத் தீங்கானதே. தப்பித்தவறிக் கண்ணிற் பட்டால், வேறு யாதும் தேடாது நல்ல நீரால் அரைமணி நேரம் கழுவி, உடனே வைத்தியரிடம் செல்க.

ஏணியைப் பற்றியும் ஒரு கணக்கு உண்டு. அது சுவரில் 12 அடி உயரத்திலே சாருமாயின், அடிப்பாகம் சுவரிலிருந்து 3 அடி விலகியிருத்தல் வேண்டும். கீழே ஒருவர் பிடித்து நிற்பதும் வேண்டும். ஈரச்சுவரில் மின் ஆளிகள் இருப்பின், தொடங்குமுன்னரே பிரதான ஆளியை நிறுத்திவிடுக. எம் வீடுகளில் ஓடுவது 230 வோல்ற்று மின்சாரம். அது பட்டதாரியென்றும் பாமரனென்றும் பார்ப்பதில்லை.

எவ்வேலையை நாம் செய்யலாகாது என்பதையும் இங்கே குறித்தல் தகும். மின்கம்பி இழுப்பதைத் தகுதிபெற்ற மின்வேலையாளரிடமே விடுக. அசுபெத்தோசுக் கூரைத்தகட்டை வாளால் அறுப்பதும், உலர்ந்தபடி சுரண்டுவதும் நுரையீரலுக்குக் கேடு தரும் நுண்தூளை எழுப்பும். அதனைத் தொடாதிருப்பதே நலம். பழைய கதவு நிலைகளின் வர்ணத்தில் ஈயம் கலந்திருத்தல் கூடும். அதனை உலர்ந்த மணற்றாளால் தேய்த்துக் குழந்தைகள் உலவும் இடத்திற் பறக்கவிடலாகாது.

அவ்வாண்டு எமது வீடு பொங்கலுக்குப் பின்னரே வெளுத்தது. ஒருநாட் கூலி போகவும் எமக்குக் கணிசமான பணம் மிஞ்சிற்று. அதன்பின் ஒவ்வோராண்டும் நாமே வெள்ளையடிக்கின்றோம். எம் தாயார் திண்ணையிலிருந்து விடுபட்ட இடங்களைச் சுட்டிக்காட்டுவார். மகன் காப்புக்கண்ணாடி அணிந்து சுண்ணாம்பு கரைப்பான். எம்மைக் கரைக்க விடுவதில்லை.

கல்லூரியில் அப்பாடம் வரும்போது, கரும்பலகையில் சமன்பாட்டை எழுதுமுன், எதனை எதனுள் இடுதல் வேண்டும் என்பதையே முதலிற் கூறுகின்றோம். பரீட்சையில் அதனை எவரும் வினவுவதில்லை. ஆயினும் மாணவர் அதை எழுதிக்கொண்ட பின்னரே அடுத்த வரிக்குச் செல்கின்றோம்.